அம்மா பெயரில் வந்த மாத்திரைகள்

வேலம்பாளையம், திருப்பூர்
8.6.2003

அனுசுயாவுக்கு,

உன் கடிதம் வந்தது. நான் மூன்று தடவை படித்தேன். உங்கம்மாவுக்கு ஒரு தடவை வாசித்துக் காட்டினேன், வேண்டியதை மட்டும். ராபின் தங்கமான பிள்ளை, அவன் அம்மா உன்னை மகள் மாதிரி வைத்திருக்கிறாள் என்று ஒரு பக்கம் எழுதியிருந்தாயே, அதை விட்டுவிட்டேன். வெள்ளையம்மாளுக்குக் கையெழுத்துப் போடுவதைத் தாண்டி எழுத்து தெரியாமல் போனது நல்லதுக்குத்தான்.

நீ ஓடிப்போய் ஐந்து மாதம் ஆகிறது. ஓடிப்போனாய் என்று எழுதினால் உனக்குக் கோபம் வரும். ரிஜிஸ்டர் ஆபீசில் கையெழுத்துப் போட்டுவிட்டு அன்றைக்கே தூத்துக்குடிக்கு ரயிலேறுவதற்கு வேறு பெயர் இருந்தால் எழுது. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து நான் பிழைக்க வந்து இருபத்திரண்டு வருஷம். இந்த பனியன் கம்பெனியில், கட்டிங்கில் துணி வெட்டுகிற என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவன் ஒருத்தன் கிடையாது. முதலாளியிலிருந்து பிசிறு வெட்டுகிற பெண்கள் வரைக்கும் ‘மாஸ்டர்’தான். இப்போது என் முதுகுக்குப் பின்னால் என்ன சொல்கிறார்களோ.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் கம்பெனியில் மெடிக்கல் கேம்ப். பனியன் வாங்குகிற வெளிநாட்டு பையர் போட்ட கண்டிஷன். எல்லாருக்கும் பிரஷர் பார்த்தார்கள். எனக்கு 124/80. இந்த வயசில் இப்படியா என்று நர்ஸே கேட்டாள். உங்கம்மாவுக்கு 180/110. செக்கிங் டேபிளிலிருந்து நகர்த்திப் பிசிறு வெட்ட உட்கார வைத்துவிட்டார்கள். பதினொரு வருஷம் இதே கம்பெனியில் செக்கிங்கில் நின்றவள். பச்சைக் கார்டு ஒன்று போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். மாதக் கடைசி சனிக்கிழமை கம்பெனிக்கு வருகிற டாக்டரிடம் அதைக் காட்டினால் மாத்திரை தருவார்.

எல்லாம் நீ கொடுத்த பரிசு. நீ மருந்துக் கடையில் வேலை பார்ப்பதாக எழுதியிருந்தாய். ஊர்ச் சனத்துக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கிற கை பெற்றவளை நோயாளி ஆக்கிவிட்டது. உட்கார்ந்து யோசி.

இசக்கிமுத்து


தூத்துக்குடி
15.6.2003

அப்பாவுக்கு,

கடிதத்தைப் படித்துவிட்டு அழுதேன். நீங்கள் எழுதியது அதற்காகத்தான் என்று தெரிந்தும் அழுதேன்.

அம்மாவுக்கா பிரஷர்? தலைவலி என்று தைலம் தேய்த்துக்கொண்டு வீட்டையே இருட்டாக்கிப் படுப்பது நீங்கள். போன தீபாவளிக்கு மூக்கில் ரத்தம் வந்து, கட்டிங் டேபிள் துணியாலேயே துடைத்துக்கொண்டு வந்ததும் நீங்கள். அம்மா ஒருநாள் படுத்து நான் பார்த்ததில்லை. இருந்தாலும் அளந்து பார்த்தவர்கள் சொல்லும்போது நான் என்ன சொல்ல முடியும்.

இதற்குக் கீழே இருப்பது அம்மாவுக்கு. ஒரு எழுத்து விடாமல் வாசியுங்கள்.

அம்மா, மாத்திரையை நாள் தவறாமல் ஒரே நேரத்துக்குச் சாப்பிடு. உடம்பு நன்றாக இருக்கிறதே என்று நீயாக நிறுத்திவிடாதே. இந்த வியாதிக்கு வலி கிடையாது. வலிக்கவில்லை என்றால் சரியாகிவிட்டது என்று அர்த்தமில்லை. சோற்றில் உப்புப் போட்டு வடிக்காதே. ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றையும் விட்டுவிடு. சாயங்காலம் அரை மணி நேரம் கைவீசி நட. ராத்திரி ஓவர்டைம் வேண்டாமென்று சொல். உன்னைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறதம்மா. உன் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

அனுசுயா


வேலம்பாளையம்
5.10.2003

அனுசுயாவுக்கு,

நீ எழுதியதை வாசித்தேன். உப்பு, ஊறுகாய், கருவாடு வரைக்கும் வந்தேன். அதற்குப் பிறகு இருமல் வந்துவிட்டது.

வீட்டில் இப்போது இரண்டு குழம்பு. அவளுக்கு உப்பில்லாமல், எனக்கு உப்போடு. உப்பில்லாததை ஒருநாள் வாயில் வைத்துப் பார்த்தேன், தட்டோடு தள்ளிவிட்டேன். அவள் எப்படித்தான் சாப்பிடுகிறாளோ.

மாத்திரை ஒழுங்காக நடக்கிறது. முதல் மாதம் 126/80, அப்புறம் 130/84. டாக்டர் வரிசையில் நின்றவர்களிடம் இவளைக் காட்டி, “மாத்திரை சாப்பிட்டா இந்தம்மா மாதிரி சாப்பிடணும், எப்படிக் கொறஞ்சிருக்கு பாருங்க” என்றாராம். அவள் வந்து சொன்னதும் இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். நீ போன பிறகு இந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு.

எனக்கும் இப்போது உடம்பு லேசாக இருக்கிறது. தலைவலி போய்விட்டது. மூக்கில் ரத்தம் என்று துருவியிருந்தாயே, அது சூடு. தினம் ஒரு இளநீர் குடிக்கிறேன், நின்றுவிட்டது.

இசக்கிமுத்து


தூத்துக்குடி
20.10.2003

அப்பாவுக்கு,

130/84 என்று படித்ததும் கடைக்காரர் கன்னையன் அண்ணாச்சியிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். “ஒங்கம்மைக்கு மருந்து நல்லா கேக்குதுளா, விட்டுராம சாப்பிடச் சொல்லு” என்றார்.

எனக்கு நான்காவது மாதம் ஆகிறது. இதையாவது இருமாமல் வாசியுங்கள். அம்மாவின் முகம் எப்படிப் போனது என்று எழுதுங்கள்.

ஒன்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. டாக்டர் அம்மாவைப் புகழ்ந்ததில் சிரிக்க என்ன இருக்கிறது?

அனுசுயா


வேலம்பாளையம்
29.12.2003

அனுசுயாவுக்கு,

முகம் எப்படிப் போனது என்று கேட்டாயே. நன்றாகப் போயிற்று. நவம்பர் மாதம் 158/98. நேற்று முன்தினம் 176/104. உன் சமாச்சாரத்தைக் கேட்ட நாளிலிருந்து ராத்திரியெல்லாம் விழித்துக்கொண்டு கிடக்கிறாள். தாய் வீட்டில் வளைகாப்பு இல்லாத பிள்ளைத்தாய்ச்சியை நினைத்தால் எந்தத் தாய்க்குத்தான் தூக்கம் வரும்.

டாக்டர் இந்தத் தடவை வரிசைக்கு முன்னால் வைத்தே சத்தம் போட்டாராம். “மாத்திரைய முழுங்குறியா, கோழிக்குப் போடுறியா?” என்று. அவள் “முழுங்குறேன் சார்” என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு வந்திருக்கிறாள். எனக்கே ஒருமாதிரி ஆகிவிட்டது. டாக்டரைக் கண்டால் சில பேருக்குப் பயத்திலேயே ஏறுமாம், அது ஒன்றும் செய்யாது என்று தேற்றினேன். நவம்பரில் அம்லோடிபின் என்று இன்னொரு மாத்திரை சேர்த்தார். இந்த மாதம் அதையும் இரட்டிப்பாக்கிவிட்டார்.

ஒரு சந்தேகம். இரண்டு வாரமாக எனக்குக் கணுக்கால் இரண்டும் வீங்குகிறது. சாயங்காலமானால் செருப்பு ஏற மாட்டேன் என்கிறது. அமுக்கினால் குழி விழுகிறது. காலையில் எழுந்தால் தலை கிர்ரென்று சுற்றுகிறது. நாள் முழுக்க நின்று வெட்டுகிறவனுக்கு இதெல்லாம் வரும்தான். உன் கடையில் இதற்குத் தடவ ஏதாவது தைலம் இருந்தால் பெயரை எழுது.

இசக்கிமுத்து


தூத்துக்குடி
6.1.2004

அப்பாவுக்கு,

தைலம் வேண்டாம். அம்மாவின் மாத்திரையைச் சாப்பிடுவதை நிறுத்துங்கள்.

அம்லோடிபின் வாங்குகிறவர்களில் சில பேர் இரண்டு மூன்று வாரத்தில் எங்கள் கடைக்குத் திரும்பி வந்து, கல்லாவுக்கு முன்னால் நின்று வேட்டியைத் தூக்கிக் கணுக்காலைக் காட்டுவார்கள். அமுக்கினால் குழி விழும். மாத்திரையை விழுங்குகிறவருக்குத்தான் கால் வீங்கும், கார்டில் பெயர் இருப்பவருக்கு வீங்காது. உங்கள் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு கல்லாவிலேயே உட்கார்ந்துவிட்டேன். அண்ணாச்சி தண்ணீர் கொடுத்தார்.

180/110 யாருடையது என்று இப்போது தெரிகிறது. நீங்கள் இரண்டு பேரும் ஏன் சிரித்தீர்கள் என்றும் தெரிகிறது. அம்மாவுக்கு முதலில் ஒன்றும் இல்லை. அதனால்தான் மாத்திரை சாப்பிடாமலே 126 காட்டியது. இப்போது காட்டுகிற 176 அம்மாவுடையது. பயத்தில் ஏறியது என்று யாரை ஏமாற்றுகிறீர்கள்? டாக்டர் அவளைப் பார்த்து மாத்திரையைக் கூட்டுகிறார், நீங்கள் உட்கார்ந்து சாப்பிடுகிறீர்கள். உங்களுக்கு அளவுக்கு மீறிக் குறைந்துபோய்த் தலை சுற்றுகிறது. அவளுக்கு ஏறிக்கொண்டே போகிறது.

வீட்டுக்காரப் பழனாத்தாள் அக்காவின் போனுக்கு மூன்று தடவை கூப்பிட்டேன். “அவுரு உம்பட போனு வந்தா கூப்பிட வேண்டாம்னு சொல்லிப்போட்டாருங்க கண்ணு. நானென்ன பண்ணட்டும்? உங்கம்மா நல்லாத்தான் இருக்கறாங்க. மூஞ்சி மட்டும் ஊதுனாப்புல இருக்குது, நடக்கறப்ப செவுத்தப் புடிச்சுக்கறாங்க” என்றார்கள். செவுத்தைப் பிடித்துக்கொண்டு நடப்பது நன்றாக இருப்பதா அப்பா?

நானே வந்திருப்பேன். எனக்கும் 140/90 இருக்கிறது, பயணம் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். இந்தக் கடிதத்தை அம்மாவுக்கு முழுதாக வாசியுங்கள். உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

அனுசுயா


வேலம்பாளையம்
13.1.2004

அனுசுயாவுக்கு,

வாசிக்கவில்லை. நீ சௌக்கியம் என்று எழுதியிருப்பதாகச் சொன்னேன். சந்தோஷப்பட்டாள்.

என்னமோ திருடனைப் பிடித்துவிட்டவள் போல எழுதியிருக்கிறாய். நடந்ததைக் கேள். கேம்பில் கையில் கொடுக்கிற சீட்டில் பெயர் கிடையாது, டோக்கன் நம்பர்தான். பிரஷரை அதில் எழுதிக் கொடுப்பார்கள். கடைசி மேஜையில் சீட்டைக் கொடுத்துப் பெயரைச் சொன்னால் பதிந்துகொள்வார்கள். என் சீட்டில் 180 என்று எழுதியிருந்தது. முன்னால் நின்றவள் உங்கம்மா. அவள் சீட்டில் 124. கடைசி மேஜைக்குப் போகிற அந்த ஐந்தடி தூரத்தில் சீட்டை மாற்றிக்கொண்டேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள், வாயைத் திறக்கவில்லை. அந்தச் சமத்து உனக்கு வரவில்லை.

பிரஷர் உள்ளவன் கட்டிங் கத்திக்குப் பக்கத்தில் நிற்கக்கூடாது என்பது பையர் கண்டிஷன். எனக்கு முன்னால் மாஸ்டராக இருந்த சென்னியப்பனை உனக்குத் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே காரணத்துக்காக இறக்கினார்கள். இன்றைக்குக் கம்பெனி சைக்கிள் ஸ்டாண்டில் உட்கார்ந்து டோக்கன் கொடுக்கிறார். தினமும் காலையில் என்னைப் பார்த்து எழுந்து நிற்கிறார், “வாங்க மாஸ்டர்” என்கிறார். அந்த முக்காலியில் நான் உட்கார வேண்டும் என்கிறாயா? வெளியில் டாக்டரிடம் போனால் மட்டும் தெரியாமல் போகுமா? இந்த ஊரில் எந்த ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்தாலும் கம்பெனி ஆள் நாலு பேர் இருப்பான்.

மாத்திரையை நான் பிடுங்கித் தின்னவில்லை. அவளேதான் காலையில் டீயோடு கொண்டுவந்து வைக்கிறாள். “நீங்க சாப்பிடுங்க, எனக்கென்ன, குத்துக்கல்லு மாதிரி இருக்கேன்” என்கிறாள். புருஷன் பெண்டாட்டி விஷயத்தில் நீ மூக்கை நுழைக்காதே.

இசக்கிமுத்து


தூத்துக்குடி
22.1.2004

அப்பாவுக்கு,

வருகிற பிப்ரவரி ஒன்றாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, ராபின் அங்கே வருவார். உங்களிடம் ஒரு வார்த்தை பேச மாட்டார். அம்மாவை ஒரு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போய்க் காட்டிவிட்டு, திரும்பக் கொண்டுவந்து விட்டுவிடுவார். இரண்டு பட்டை மாத்திரையும் கொடுத்து அனுப்புகிறேன். அது அம்மாவுக்கு.

அனுசுயா


வேலம்பாளையம்
3.2.2004

அனுசுயாவுக்கு,

வந்தான். கேட்டிலேயே நிறுத்திவிட்டேன். உங்கம்மா ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைமுக்குப் போயிருந்தாள். நான்தான் போகச் சொன்னேன். நீ ஓவர்டைம் வேண்டாம் என்று எழுதியது ஞாபகம் இருந்தது. ஷிப்மெண்ட் சமயத்தில் அதெல்லாம் முடியாது.

மத்தியானம் வரைக்கும் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றிருக்கிறான். நாலு பேர் பார்க்கிற மாதிரி நிற்க வேண்டும் என்று நீ சொல்லி அனுப்பினாயோ? பழனாத்தாள் போய், “ஏனுங்க தம்பி, வெயில்ல நிக்கறீங்க, அவுரு விட மாட்டாருங்க, போயிட்டு வாங்க” என்றாளாம். அவளிடம் பட்டையைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். அவள் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தாள். வீணாகக் கூடாது என்று வைத்திருக்கிறேன்.

இசக்கிமுத்து


தூத்துக்குடி
10.2.2004

அப்பாவுக்கு,

பேரம் பேசுகிறேன். நான் இனிமேல் எழுத மாட்டேன், போன் பண்ண மாட்டேன். குழந்தை பிறந்தாலும் சொல்லி அனுப்ப மாட்டேன். மகள் செத்துப்போனாள் என்று கம்பெனியில் சொல்லிக்கொள்ளுங்கள், உங்கள் கௌரவம் திரும்பி வரட்டும். அதற்குப் பதிலாக ஒன்றே ஒன்று. தினமும் காலையில் அந்த மாத்திரையை அம்மா வாயில் போடுங்கள்.

உங்களுக்கு வேண்டியதை நீங்கள் வாங்கிக்கொள்ளலாம். ஒரு பட்டை உங்களுடைய இரண்டு நாள் டீ, பஜ்ஜி விலைதான். பணமில்லாமல் நீங்கள் இதைச் செய்யவில்லை என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் வயிறு எரிகிறது.

அனுசுயா


வேலம்பாளையம்
2.3.2004

அனுசுயாவுக்கு,

உங்கம்மா விழுந்துவிட்டாள். சனிக்கிழமை, டாக்டர் வரிசையில். கையில் பச்சைக் கார்டோடு நின்றவள் அப்படியே சரிந்துவிட்டாளாம். நான் கட்டிங்கில் இருந்தேன். ஆள் வந்து சொன்னான். மிஷினை நிறுத்திவிட்டு ஓடினேன். இருபத்திரண்டு வருஷத்தில் அடுக்கிய துணி லேயரைப் பாதி வெட்டில் விட்டுவிட்டு ஓடியது அன்றைக்குத்தான், அதை நீ நம்ப வேண்டும்.

வலது கையும் காலும் வரவில்லை. வாய் ஒரு பக்கம் இழுத்துவிட்டது. பேச்சு இல்லை. தலையில் ரத்தக்குழாய் வெடித்ததாகச் சொல்கிறார்கள். ஆஸ்பத்திரிக்குக் கம்பெனி டாக்டரும் வந்து பார்த்தார். 220 இருந்ததாம். “ஒம்போது மாசமா ரெகுலரா சாப்பிட்டாங்க இல்லீங்களா?” என்று என்னைக் கேட்டார். “ஆமா சார், என் கையாலயே எடுத்துக் கொடுத்தேன்” என்றேன். வேறு என்ன சொல்வது? சில உடம்புக்கு மருந்து பிடிப்பதில்லை என்று அவராகவே சொல்லிவிட்டுப் போனார். உங்கம்மா கட்டிலில் கிடந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு லீவு கிடையாது. ஆள் வைத்துப் பார்க்க இங்கே வசதி இல்லை. அந்தப் பையனை அனுப்பிக் கூட்டிக்கொண்டு போ. கேட்டில் நிறுத்த மாட்டேன்.

இசக்கிமுத்து


தூத்துக்குடி
18.4.2004

அப்பாவுக்கு,

அம்மாவை ராபின் கூட்டிக்கொண்டு வந்தது உங்களுக்குத் தெரியும். கேட்டைத் திறந்து வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டீர்களாமே. வழியனுப்பப் பழனாத்தாள் அக்கா மட்டும்தான் இருந்தார்களாம். அம்மாவின் தலையை வாரி, பொட்டு வைத்து அனுப்பியிருந்தார்கள்.

எனக்குப் பங்குனிக் கடைசியில் பெண் பிறந்தது. ஒரு அறையில் இரண்டு பேர் படுத்திருக்கிறார்கள், இரண்டு பேருக்கும் பேச்சு வரவில்லை. ஒருத்தி வளர வளரப் பேசுவாள்.

அம்மாவுக்கு நானே தினமும் பிரஷர் பார்க்கிறேன். காலையில் மாத்திரை கொடுக்கிறேன். முதல் பத்து நாளில் 150க்கு வந்தது. இந்த வாரம் மறுபடியும் ஏறுகிறது, ஏனென்று புரியவில்லை.

அனுசுயா


வேலம்பாளையம்
2.5.2004

அன்புள்ள மகள் அனுசுயாவுக்கு,

பேத்தி பிறந்ததில் சந்தோஷம். உன் அம்மா சாயல் இருக்கிறதா? பெயர் வைத்தாயிற்றா?

இங்கே வெள்ளையம்மாள் வேலையிலிருந்து நின்றுவிட்டதாக எழுதி, பச்சைக் கார்டையும் ரத்து செய்துவிட்டார்கள். வீட்டில் இருந்த மாத்திரை தீர்ந்து பத்து நாள் ஆகிறது. மறுபடியும் பின்மண்டை வலிக்கிறது. நேற்று மூக்கில் ரத்தம் வந்தது. வெட்டி வைத்த வெள்ளைத் துணியில் இரண்டு சொட்டு விழுந்துவிட்டது. யாரும் பார்ப்பதற்குள் சுருட்டி வேஸ்ட்டில் போட்டேன். கணுக்கால் வீக்கம் மட்டும் வடிந்திருக்கிறது.

நீ அந்தக் கடையில்தானே இருக்கிறாய். இரண்டு மாத்திரையிலும் மாதத்துக்கு வேண்டியதைக் கவரில் வைத்துத் தபாலில் அனுப்பினால் இங்கே யாருக்கும் தெரியாது. ஜூனில் மறுபடியும் கேம்ப் என்கிறார்கள். அதற்குள் குறைய வேண்டும்.

பெற்றவனைக் கைவிட மாட்டாய் என்று நம்புகிறேன்.

உன் அப்பா


தூத்துக்குடி
9.5.2004

அப்பாவுக்கு,

என் அப்பா என்று கையெழுத்துப் போட ஒரு வருஷம் ஆகியிருக்கிறது. மாத்திரை தீர வேண்டியிருந்தது.

அம்மாவுக்கு ஏன் ஏறுகிறது என்று போன மாதம் எழுதினேன். காரணம் தெரிந்துவிட்டது. முந்தாநாள் சேலை மாற்றும்போது முந்தானை முடிச்சு கெட்டியாக இருந்தது. அவிழ்த்தேன். பதினோரு மாத்திரை. நான் வாயில் போட்டதும் விழுங்குகிற மாதிரி தண்ணீரைக் குடிப்பாள். நான் குழந்தையைத் தூக்கப் போனதும் வெளியே எடுத்து, அசைகிற அந்த ஒற்றை இடது கையால் முடிந்து வைத்திருக்கிறாள். அன்றைக்குப் பார்த்தேன், 194/110.

“யாருக்கும்மா இது?” என்று கத்தினேன். அவள் இடது உள்ளங்கையைப் பாயில் பரப்பி வைத்து, மெதுவாக முன்னால் தள்ளிக் காட்டினாள். கத்தி மிஷினுக்குள் துணியைத் தள்ளுவீர்களே, அந்த மாதிரி.

நான் சொன்னால் கேட்க மாட்டேன் என்கிறாள். வாயை இறுக்கி மூடிக்கொள்கிறாள். நீங்கள் ஒருநாள் வாருங்கள். மாஸ்டர் பட்டத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டுத்தான் வர வேண்டும் என்று சொல்லவில்லை, ஒரே ஒரு நாள் லீவு. உங்கள் பெயரில் நீங்களே வாங்கிய மாத்திரை ஒன்றை அவள் கண் முன்னால் விழுங்கிக் காட்டுங்கள். அதற்கப்புறம் அவள் தன்னுடையதை விழுங்குவாள். இன்னொரு தடவை வெடித்தால் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ரயில் சாயங்காலம் ஏறினால் காலையில் இறங்கலாம்.

அனுசுயா


வேலம்பாளையம்
17.5.2004

அனுசுயாவுக்கு,

ஜூன் கேம்புக்கு முன்னால் லீவு போட்டால் ஏன் எதற்கு என்று கேட்பான்கள். புதிதாக வந்திருக்கிற சூப்பர்வைசர் என் மேலேயே கண்ணாக இருக்கிறான். ஆர்டர் முடியட்டும், ஆடியில் பார்க்கலாம்.

நான் மாத்திரை சாப்பிடுவதாக நீயே அவளிடம் சொல்லிவிடு. உங்கம்மாவுக்கு என் மேல் எப்போதும் அக்கறை அதிகம். அது எனக்குத் தெரியும்.

அவள் சேர்த்து வைத்ததை வீணாக்காதே. கவரில் போட்டு அனுப்பு.

இசக்கிமுத்து


தூத்துக்குடி
26.5.2004

அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. நான் மூன்று தடவை படித்தேன். அம்மாவுக்கு ஒரு தடவை வாசித்துக் காட்டினேன்.

நான் வாசித்தது இது: “வெள்ளையம்மாளுக்கு. கேம்பில் சீட்டை மாற்றியதைக் கம்பெனியில் சொல்லிவிட்டேன். என்னைக் கட்டிங்கிலிருந்து இறக்கிவிட்டார்கள். இப்போது சென்னியப்பனோடு சைக்கிள் ஸ்டாண்டில் உட்கார்ந்திருக்கிறேன், பரவாயில்லை. என் பெயரிலேயே கார்டு போட்டு எனக்கு மாத்திரை தருகிறார்கள். உன் பங்கை நான் தின்றது பெரிய தப்பு. இனி உன்னுடையதை நீ சாப்பிடு. ஆர்டர் முடிந்ததும் உன்னைப் பார்க்க வருகிறேன்.”

தாளைக் கையில் வைத்துக்கொண்டு, வரிக்கு வரி விரலை ஓட்டி, நீங்கள் வாசிக்கிற மாதிரியேதான் வாசித்தேன். அம்மா இன்னொரு தடவை வாசிக்கச் சொல்லிக் கையைக் காட்டினாள். வாசித்தேன். கோணல் வாயோடு அழுதாள். பிறகு வாயைத் திறந்தாள். மாத்திரையைப் போட்டேன். விழுங்கிவிட்டு, நாக்கைத் தூக்கிக் காட்டினாள், சின்னப் பிள்ளை மாதிரி. நான்கு நாளாக அப்படித்தான் காட்டுகிறாள். இன்று காலையில் 162/96. இன்னும் இறங்கும்.

அதனால் நீங்கள் இனி எழுத வேண்டாம். ஆடியில் மட்டுமல்ல, எப்போதும் வர வேண்டாம். வந்தால் இந்த வீட்டுக் கேட்டிலும் ஒரு ஆள் நிற்பார். அம்மாவுக்கு இப்போது ஒரு நல்ல புருஷன் இருக்கிறார். மாதம் ஒரு கடிதம் அவரிடமிருந்து வரும், நான் வாசிப்பேன். அந்த மனிதரை நீங்கள் வந்து கெடுத்துவிடக் கூடாது.

கடையிலிருந்து உங்களுக்கு ஒரு மாத்திரைகூட அனுப்ப மாட்டேன். கையை நீட்டினால் எந்த டாக்டரும் அளந்து பார்த்து, உங்கள் பெயருக்கே எழுதித் தருவார். அதற்கு நீங்கள் உங்கள் பெயரைச் சொல்ல வேண்டியிருக்கும், அவ்வளவுதான். கடையில் இரண்டு தடவை உங்களுக்காகப் பட்டையை எடுத்துவிட்டுத் திரும்ப வைத்தேன், அதை மறைக்கவில்லை.

நீங்கள் கேட்ட பதினோரு மாத்திரை இத்துடன் இருக்கிறது. அம்மா வாயிலிருந்து எடுத்தவை என்பதால் கரைந்து ஒட்டிக்கொண்டிருக்கும், பிரித்துச் சாப்பிடுங்கள். பதினோரு நாளைக்கு வரும். பன்னிரண்டாவது நாள் உங்கள் பாடு.

அனுசுயா ராபின்